பூட்டுக்காரர் மகளின் கை

பாப்பாவின் இடது கை எப்போதும் மூடியே இருக்கும். வலது கையாவது மனசு வந்தால் கொஞ்சம் நெகிழும், இடது கை ஊஹும். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரல்களும் அதைப் பொத்திக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் அம்மாவுக்கு முதல் வேலை அந்தக் கையைத் திறந்து துடைப்பதுதான். கட்டிலோரம் உட்கார்ந்து, மணிக்கட்டை மெல்லக் கீழே மடக்கி, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தூக்கி, வெந்நீரில் நனைத்த துணியை உள்ளே நுழைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுப்பாள். செய்யாவிட்டால் உள்ளங்கை புண்ணாகிவிடும். துணியை எடுத்த மறுநிமிஷம் கை பழையபடி மூடிக்கொள்ளும்.

அப்பாவுக்குத் தொழில் பூட்டு ரிப்பேர். சாவியைத் தொலைத்தவன், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்று முழிப்பவன், பெண்டாட்டி கதவைச் சாத்திவிட்டாள் என்று வெளியே சொல்ல வெட்கப்படுபவன் என்று பாதி ஊர் அவர் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறது. "ஊர்ப் பூட்டையெல்லாம் தொறந்துட்டேன், எம் பொண்ணு கையைத் தொறக்க முடியலையே" என்று தினமும் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். ஒரே ஜோக்குக்கு ஒரு மனுஷி எத்தனை தடவைதான் சிரிப்பாள்?

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வயதுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அரக்கப்பரக்க வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பாப்பாவுக்குப் பேச்சு கிடையாது. தானாக உட்கார முடியாது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. நடுநடுவே வலிப்பு வரும், போகும். சின்ன வயதில் பார்த்த பெரிய டாக்டர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள். பாப்பா மட்டும்தான் விரிக்கவில்லை.

ஆனால் பாப்பாவுக்குக் கண் இருந்தது. பெரிய, கறுத்த, இமை அடர்ந்த கண். அந்தக் கண்ணை வைத்துத்தான் அம்மா ஒரு பாஷையே கண்டுபிடித்திருந்தாள். கண் மேலே போனால் குழாயில் ஏதோ சங்கடம். பக்கவாட்டில் போய் நின்றால் வலிப்பு வரப் போகிறது, ஆயத்தமாக இரு. கண்ணை மூடினால் அதற்குப் போதும், நிறுத்து என்று அர்த்தம். இந்தக் கடைசிச் சொல்தான் அந்த வீட்டின் சட்டம். பாப்பா கண்ணை மூடினாள் என்றால் ரேடியோ நிற்கும், மின்விசிறி நிற்கும், வந்த விருந்தாளி பேச்சை முழுங்கிக்கொண்டு எழுந்து போவார்.

அந்தச் சட்டம் பிறந்தது ஒரு பூங்காவில். பாப்பா உண்மையிலேயே பாப்பாவாக இருந்த காலம். அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்து மெல்ல ஆடினார். ரெண்டு ஆட்டம் ஆனதும் பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ஐயோ, பயப்படுறா! நிறுத்துங்க!" என்று அம்மா ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். பாப்பா வாயைத் திறந்து நீளமாக முனகி அழ ஆரம்பித்தாள். "பாத்தீங்களா? எவ்வளவு பயந்திருக்கா!" என்று அம்மா அப்பாவை ஒரு பிடி பிடித்தாள். அப்பா ஊஞ்சல் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இத்தனை வருஷம் தூக்கித் தூக்கி அம்மாவின் வலது தோள் தேய்ந்துபோய்விட்டது. ராத்திரி எந்தப் பக்கம் திரும்பினாலும் கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணியே ஆகணும். பண்ணினப்புறம் ஒரு மாசத்துக்கு ஒரு தலையணையைக்கூடத் தூக்கக் கூடாது. பண்ணலைன்னா கொஞ்ச நாள்ல இந்தக் கையால எதையுமே தூக்க முடியாது" என்றார்.

"ஒரு மாசமா? எம் பொண்ணை யாரு தூக்குறது?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்."

அம்மா யோசித்தாள். அப்பாவுக்கு ஏற்கெனவே இடுப்பில் பெல்ட். பாப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம்.

டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இருந்தது அந்தத் தொண்டு நிலையம். பத்து பேர் கொடுப்பதிலும் நாலு பேர் உழைப்பதிலும் ஓடுகிற இடம். வாசலில் படி கிடையாது, நீளமான சரிவு. கதவுகள் எல்லாம் கட்டில் நுழைகிற அகலம். சுவர்களில் இடுப்பு உயரத்துக்குச் சக்கர நாற்காலிகள் உரசிய கறுப்புக் கோடு ஓடியது. பாப்பாவைப் போலவே உடம்பு முழுக்கச் சிக்கல் உள்ளவர்கள் அங்கே பகலில் வந்து போவார்கள், தேவைப்பட்டால் தங்குவார்கள். அம்மா பொறுப்பாளர் எதிரில் உட்கார்ந்து, ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லி மூச்சு விடுமுன்பே நிபந்தனையைச் சொன்னாள்.

"ஒரு வாரம் நானும் கூடவே இருந்து பாப்பேன். பாப்பா பேசுறது எனக்கு மட்டும்தான் புரியும், நான் சொல்லித் தாரேன், நீங்க கத்துக்கணும். அவ கண்ணை மூடினா போதும்னு அர்த்தம். அந்த நிமிஷமே எல்லாத்தையும் நிறுத்தணும். அடிக்கடி மூடினான்னா இந்த இடம் அவளுக்கு ஒத்துக்கலை, கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அப்போ உங்க ஆபரேஷன்?" என்றார் பொறுப்பாளர்.

"தோளு போனா போகட்டும் சார்."

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே போகட்டும் என்றுதான் இருந்தாள். தோள் போனால் பாப்பாவை யார் தூக்குவது என்கிற கேள்வி அதற்கு அடுத்தாற்போல் வந்து நிற்கிறது என்று அவளுக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு முன்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும், "யாருப்பா அது?" என்று ஒரு கனத்த குரல் அதட்டியது. அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால், ஜன்னலோரம் ஒரு பெரிய நாற்காலியில் தலைக்கு, தோளுக்கு, காலுக்கு என்று தனித்தனியாக மெத்தை வைத்து ஒருவர் சாய்ந்திருந்தார். அவர் முழங்கைக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் பதிவு செய்த குரல் பேசும். பேச்சில்லாத அவருக்கு அதுதான் பேச்சு. நாற்காலியின் கம்பீரத்தைப் பார்த்து எல்லாரும் அவரை சேர்மன் என்று கூப்பிட்டார்கள். யார் கதவைத் திறந்தாலும் சேர்மன் ஒரு அமுக்கு அமுக்குவார். பதில் சொல்லாமல் உள்ளே போனால் மறுபடி அமுக்குவார்.

"நாங்கதாங்க, பூட்டுக்காரர் வீடு" என்றாள் அம்மா பயபக்தியோடு. சேர்மன் திருப்தியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அங்கே ஒரு சின்ன வெந்நீர்க் குளம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லாரும் குளத்துக்காரி என்பார்கள். தோளில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு, நனைந்து நனைந்து சுருங்கிய விரல். அவள் நேராகப் பாப்பாவிடம் வந்து, நாற்காலிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, "வாங்க. எப்படி இருக்கீங்க? நீங்க வருவீங்கன்னுதான் காலையில இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா அவளைப் போயி வாங்க போங்கன்னுக்கிட்டு? அவ என்ன ஆபீசரா?"

"பெரிய பொண்ணா இருக்காங்களேக்கா."

"எங்க வீட்டுல அவ பாப்பாதான்."

"உங்க வீட்டுல பாப்பாவா இருக்கட்டும். எனக்கு இப்பதானே அறிமுகம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள் குளத்துக்காரி. திமிரைப் பார் என்று அம்மா மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சொன்னதை எல்லாரும் அச்சுப் பிசகாமல் செய்தார்கள். ஒருநாள் பாட்டுக் கூட்டம். வட்டமாக நாற்காலிகளை நிறுத்தி, ஆளுக்கொரு வாத்தியத்தை மடியில் வைத்தார்கள். பாப்பாவின் மடியில் ஒரு மேளத்தை வைத்து மெல்லத் தட்டியதும் அதிர்வு அவள் உடம்பெல்லாம் ஓடியது. இமைகள் இறங்கின. அம்மா நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டாள். பாட்டு பட்டென்று நின்றது, மேளம் மடியை விட்டுப் போனது. பாப்பா வாயைத் திறந்து நீளமாக முனகினாள்.

"பாத்தீங்களா? பயந்துட்டா" என்றாள் அம்மா.

எல்லாரும் பாவமாகத் தலையாட்டினார்கள். சேர்மன் மட்டும், "யாருப்பா அது?" என்றார்.

இன்னொரு நாள் குளத்துக்காரி நீளமான தூரிகையால் பாப்பாவின் கன்னத்தை மெல்ல வருடினாள். இமை இறங்கியது. தூரிகை நின்றது. முனகல். அதற்கப்புறம் அங்கிருந்தவர்களுக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பாப்பாவின் பக்கத்தில் வரும்போது கால் நுனியில் நடந்தார்கள். பேசினால் குசுகுசுவென்று பேசினார்கள். பாப்பா பகல் முழுக்கக் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கையை இறுக மூடிக்கொண்டு, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு தடவைகூட மூடலைக்கா" என்று அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு உள்ளுக்குள் இரண்டு மனசு. எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று ஒன்று. இன்னொன்றை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. பாப்பா கண்ணை மூடும்போதெல்லாம் அதற்கு ஒரு அற்ப சந்தோஷம். என் பொண்ணுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது, பார்த்தீர்களா என்கிற சந்தோஷம்.

வாரக் கடைசியில் குளம்.

அந்த அறைக்குள் நுழைந்ததுமே அம்மாவுக்கு வேறு எங்கோ வந்துவிட்டாற்போல் இருந்தது. ஆவி பறந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் மங்கியிருந்தது. வெளியே ஓடுகிற லாரிச் சத்தம்கூட எங்கோ தொலைவில் கேட்டது. தண்ணீருக்கு அடியில் விளக்குகள் பச்சையாகி, நீலமாகி, அப்புறம் எதுவென்று சொல்ல முடியாத ஒரு நிறமாகி மெல்ல மாறிக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சம் உத்தரத்தில் ஏறி அலைந்தது. எது மேலே, எது கீழே என்று ஒரு கணம் குழம்பியது. யாரும் சத்தம் போடவில்லை. போட்டாலும் அது ஆவியில் ஊறி மெத்தென்று திரும்பி வந்தது.

உத்தரத்தில் ஒரு தண்டவாளம். அதிலிருந்து தூளி மாதிரி ஒரு துணி தொங்கியது. பாப்பாவை அந்தத் தூளியில் படுக்கவைத்து, துணைக்கு இருந்த பெண் ரிமோட்டை அமுக்க, இயந்திரம் ஊம் என்று முனகிக்கொண்டு அவளைத் தூக்கி, குளத்தின்மேல் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது. கீழே குளத்துக்காரி நெஞ்சளவு தண்ணீரில் கை நீட்டி நின்றாள். பாப்பாவின் கழுத்தில் மிதவை, வயிற்றுக் குழாய்க்கு மேல் தண்ணீர் புகாத ஒட்டு. அம்மா கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

தண்ணீர் முதுகைத் தொட்டது. தோளைத் தொட்டது. பாப்பாவின் கண் இன்னும் அகலமாகத் திறந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, மூடியது.

"மூடிட்டா! எடுங்க, எடுங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, துணைப்பெண் ரிமோட்டை அமுக்கிவிட்டாள். தூளி ஒரு சாண் எழும்பியது, வெட்டியது, நின்றது. மறுபடி அமுக்கினாள். ஊம் என்ற சத்தம்கூட வரவில்லை. ரிமோட்டைத் தட்டினாள், உதறினாள், ஊதினாள். நம்மவர்கள் எந்த இயந்திரத்துக்கும் செய்கிற வைத்தியம் எல்லாம் செய்தாகிவிட்டது. இயந்திரம் அசையவில்லை.

குளத்துக்காரி அவசரப்படாமல் தூளியின் கொக்கிகளைக் கழற்றிப் பாப்பாவைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டாள். "பலகை வெச்சுத் தூக்கிடலாம். அதுக்கு நாலு பேரு வேணும். போய்க் கூட்டிட்டு வா" என்று துணைப்பெண்ணை அனுப்பினாள். "அக்கா, பதறாதீங்க. எல்லாரும் சாப்பாடு குடுத்துக்கிட்டு இருப்பாங்க, முடிச்சிட்டு வந்திடுவாங்க. தண்ணி வெதுவெதுப்பாத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதா? அவ போதும் போதும்கிறா, உனக்குக் காது கேக்கலையா?"

காது கேட்க பாப்பா என்ன பேசினாளா? ஆனால் அம்மாவுக்குக் கேட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கால்தான் ஓடியது. உடுத்திய துணியோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டாள். துணி பலூன் மாதிரி உப்பியது. அதை அமுக்கிக்கொண்டு நடந்துபோய், "குடு எம் பொண்ணை" என்று பாப்பாவின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

வலிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வலிக்கவில்லை.

பாப்பாவுக்குக் கனமே இல்லை. இத்தனை வருஷமாக அந்தத் தோளை இழைத்து இழைத்துத் தேய்த்த கனம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு கை போதுமாக இருந்தது. அப்புறம் ஒரு விரலே போதும்போல் இருந்தது. பாப்பா அவள் கையில் இருந்தாள், ஆனால் கைக்குப் பாரமாக இல்லை. இன்னும் மடிக்கு வராத, இடுப்பில் ஏறாத, வயிற்றுக்குள் கிடந்த அந்த முதல் மாதங்களில் இப்படித்தான் இருந்தாள்.

வெந்நீர் அம்மாவின் தோளில் ஏறியது. எலும்புக்குள் இருந்த ஏதோ ஒரு முடிச்சை அது தேடிக் கண்டுபிடித்து, அவசரமில்லாமல் அவிழ்த்தது. விளக்கு பச்சையிலிருந்து நீலத்துக்குப் போனது. உத்தரத்தில் வெளிச்சம் அலைந்தது. எங்கேயோ ஒரு பம்ப் தாலாட்டுப் பாடுவது போல ஒரே சீராக ஓடியது. இன்னும் கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அக்கா!" குளத்துக்காரியின் குரல் பதறியது. "என்னக்கா, மயக்கமா? கண்ணை மூடிட்டீங்களே! மேல போயிடலாமா?"

"சும்மா இரு, நல்லா இருக்கு" என்றாள் அம்மா.

சொன்ன சொல் ஆவியில் முட்டி அவளிடமே திரும்பி வந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள்.

மெல்லத் திரும்பிப் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பாவின் கண்கள் மூடித்தான் இருந்தன. புருவத்தில் சுருக்கம் இல்லை. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகல் இல்லை. அம்மா இதுவரை கேட்டிராத, பம்பின் சத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஒரு ரீங்காரம். அவள் பார்வை பாப்பாவின் தோளில் ஓடி, முழங்கையில் ஓடி, மணிக்கட்டில் வந்து நின்றது.

இடது கை திறந்திருந்தது.

யாரும் திறக்கவில்லை. மணிக்கட்டை மடக்கவில்லை, சுண்டுவிரலைக் கிளப்பவில்லை. அது தானாகத் தண்ணீரின் மேல் மல்லாந்து கிடந்தது. உள்ளங்கை வெயில் படாத வெள்ளையில் இருந்தது. அதில் ரேகைகள் இருந்தன. தினமும் அந்தக் கையைத் துடைப்பவள்தான், ஆனால் அந்த ரேகைகளை முழுசாக ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒரேயடியாக உறைத்தது. ஊஞ்சலிலிருந்து பிடுங்கியது. மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஜன்னலோரம் மழைச் சத்தம் கேட்டுக் கண்ணை மூடியவளை, குளிருகிறது போல என்று உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. அப்பா அவள் தலையைக் கோதிக்கொண்டே கதை சொன்னபோது, "போதுங்க, அவளுக்குப் பிடிக்கலை" என்று அவர் வாயை அடைத்தது. பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறாள். பிடுங்கிய பிறகு பாப்பா அழுத அழுகையைத்தான் பயம் என்று பேர் வைத்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"அடிப்பாவி, அடிப்பாவி" என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். "ஏண்டி, நான் எடுத்துட்டேன்னுதானே அழுதே? அதைப் போயி நான்... உன் பாஷை எனக்குத்தான் தெரியும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேனே!"

குளத்துக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா கண்ணால் கையைக் காட்டினாள். குளத்துக்காரி பார்த்தாள். பார்த்துவிட்டு, அவளும் பாப்பாவின் மறுபக்கம் கையைக் கொடுத்து நின்றாள்.

கதவு தடாலென்று திறந்தது. பொறுப்பாளரும் இன்னும் மூன்று பேரும் பலகையோடு மூச்சிரைக்க வந்து நின்றார்கள். பின்னாலேயே யாரோ சேர்மனையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள், அவரைத் தனியே விட முடியாதே. "யாருப்பா அது?" என்று சேர்மன் குளத்தைப் பார்த்து அதட்டினார்.

"எம் பொண்ணுங்க" என்றாள் அம்மா, கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி. "இருங்க, யாரும் எடுக்க வேண்டாம். அவளா கண்ணைத் தொறக்கட்டும்."

நாலு பேரும் பலகையைப் பிடித்தபடி, உள்ளே எச்சில் பாத்திரங்கள் காய்ந்துகொண்டிருக்க, அசையாமல் நின்றார்கள். பாப்பா அவசரப்படவில்லை. விளக்கு ஒரு முழுச்சுற்று நிறம் மாறி முடிந்த பிறகுதான், மெல்லத் திறந்து, எதிரே ஈரத்தலையோடு அழுது சிவந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு அப்பா வந்தார். அம்மா யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவர், அவள் சொல்லச் சொல்ல வாயை மூடிக்கொண்டார். பாப்பாவின் கை அதற்குள் மறுபடி மூடியிருந்தது. அதை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, பூட்டைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊஞ்சல்லயும் அப்படித்தானா?" என்று கடைசியில் கேட்டார்.

"அப்படித்தான் இருக்கும்போல."

"அன்னைக்கு என்னை என்ன திட்டு திட்டினே!"

"திட்டினது தப்புதாங்க" என்றாள் அம்மா. கல்யாணமான நாளாக அப்பா இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. கொண்டாடுகிற நிலையில் அவர் இல்லை, அதனால் விட்டுவிட்டார்.

பொறுப்பாளருக்குத்தான் பெரிய சந்தேகம். "அப்போ கண்ணை மூடினா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது? பிடிச்சிருக்குன்னா, போதும்னா?"

அம்மா யோசித்தாள். அவள் வாயிலிருந்து பதில் வர இவ்வளவு நேரம் ஆகி அங்கே யாரும் பார்த்ததில்லை. "எனக்கும் தெரியலைங்க. ஒருநாள் பிடிச்சிருக்கலாம், ஒருநாள் தூக்கமாக்கூட இருக்கலாம். கையைப் பாருங்க, மூஞ்சியைப் பாருங்க, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. என்னை மாதிரி ஓடிப்போயிப் பிடுங்காதீங்க."

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அப்பா வாசலில் வண்டியோடு நின்றார். போவதற்கு முன்னால் ஒரு தடவை குளத்தில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள் அம்மா. இயந்திரத்தைச் சரிபண்ணிவிட்டிருந்தார்கள். தூளி ஊம் என்று முனகிக்கொண்டு பாப்பாவைத் தண்ணீரில் இறக்கியது. ஆவி, நீலம், உத்தரத்தில் அலையும் வெளிச்சம், எல்லாம் போன தடவை பார்த்த கனவை விட்ட இடத்திலிருந்து தொடருவது போல இருந்தது. "சௌகரியமா இருக்கீங்களா?" என்று குளத்துக்காரி பாப்பாவின் காதோரம் கேட்டாள். அம்மாவுக்கு இப்போது அந்த வாங்க போங்க உறுத்தவில்லை.

குளத்துக்காரி பாப்பாவைத் தாங்கிக் கரையோரம் கொண்டுவந்தாள். அம்மா ஈரத்தரையில் முழங்காலிட்டு, இடது கை திறக்கும்வரை காத்திருந்தாள். திறந்தது. உள்ளங்கையில் தன் விரலை வைத்தாள். பாப்பாவின் விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன. நல்ல பிடி. இந்தப் பிடியை உதறிவிட்டு எந்த அம்மா போவாள்?

"கண்ணு, அம்மா தோளைச் சரி பண்ணிக்கிட்டு வாரேன். இவங்க எல்லாம் உன்கூட இருப்பாங்க. அம்மா போயிட்டு வரட்டுமா?"

பாப்பா அவளைப் பார்த்தாள். அந்தப் பெரிய கறுத்த கண்ணால் நிறைய நேரம் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

குளத்துக்காரியின் முகம் வாடியது. ரிமோட்டோடு நின்ற பெண் அம்மாவைப் பார்த்தாள், இப்போது கையைத் தூக்குவாள் என்று. அம்மாவின் கை பழக்க தோஷத்தில் துடிக்கத்தான் செய்தது. போகாதே என்கிறாளா? போதும் என்கிறாளா? வேறு ஏதாவதா? தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தெரியாமல், தெரிந்த மாதிரி நடிக்காமல், அம்மா அப்படியே முழங்காலிட்டுக் காத்திருந்தாள். பம்ப் ஓடியது. நீலம் பச்சையானது.

முதலில் சுண்டுவிரல் விட்டது. அப்புறம் அடுத்தது. ஒவ்வொன்றாக எல்லா விரல்களும் தாமாகவே விலகி, கை தண்ணீரில் மல்லாந்தது. அம்மாவின் விரல் சும்மா அதன்மேல் கிடந்தது. பாப்பாவின் தொண்டையில் அந்த ரீங்காரம் தொடங்கியது.

அம்மா விரலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் சேர்மன், "யாருப்பா அது?" என்றார். "நான்தாங்க, போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள். திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து இழுத்தது, பார்க்கவில்லை. பாப்பா அன்றைக்கு எப்போது கண்ணைத் திறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அதைப் பார்க்க அங்கே ஆள் இருந்தது.